எதிரியின் பெயரை எழுதாத ஒப்பந்தம்: பெர்லின், 1936 நவம்பர் 25

1936 நவம்பர் 25 அன்று பெர்லினில், ஜெர்மனியின் சார்பில் யோவாகிம் ஃபொன் ரிப்பன்ட்ராப்பும் ஜப்பானின் சார்பில் தூதர் முஷாகோஜி கின்டோமோவும் கையெழுத்திட்ட கம்யூனிஸ்ட் அகில எதிர்ப்பு ஒப்பந்தம் மூன்றே பிரிவுகளைக் கொண்டது. பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளை மாஸ்கோவிலிருந்து வழிநடத்திய கம்யூனிஸ்ட் அகிலத்தின் நடவடிக்கைகளைப் பற்றி இரு அரசுகளும் தகவல் பரிமாறிக்கொள்ளும், தற்காப்புக்கு வேண்டியதைக் கலந்து பேசிச் செய்யும் என்பது முதற்பிரிவு. அகிலத்தின் நாசவேலையால் உள்நாட்டு அமைதி குலையக்கூடிய மற்ற நாடுகளையும் சேர்ந்துகொள்ள அழைக்கலாம் என்பது இரண்டாவது. ஒப்பந்தம் ஐந்தாண்டு செல்லும் என்பது மூன்றாவது. வெளியிடப்பட்ட அந்த வாசகத்தில் சோவியத் யூனியனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

பள்ளிப் பாடநூல்களில் இந்த ஒப்பந்தத்துக்கு ஒரு வரிதான் கிடைக்கும்: ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் என்ற அச்சு நாடுகளின் கூட்டணிக்கு இது முதற்படி. அந்த வரியில் பிழை இல்லை என்றாலும், அதைப் படிக்கிறவர் ஜெர்மனியும் ஜப்பானும் அன்றே தோளோடு தோள் சேர்ந்துவிட்டன என்று எண்ணிக்கொள்வார். நடந்தது வேறு. ஒன்றையொன்று நம்பாத இரு அரசுகள், தத்தம் வேறுபட்ட நோக்கங்களுக்கு இடம் கொடுக்கும் அளவுக்குத் தளர்வான ஒரு வாசகத்தை வேண்டுமென்றே எழுதிக்கொண்டன. அந்தத் தளர்வினால்தான் கையெழுத்து சாத்தியமாயிற்று. சோதனை வந்தபோதெல்லாம் ஒப்பந்தம் கையில் நிற்காமல் நழுவியதற்கும் அதுவே காரணம். இந்த ஆய்வு அந்தத் தளர்வைப் பின்தொடர்கிறது.

இரண்டு வெளியுறவு அமைச்சகங்களுக்கு வெளியே

பேச்சைத் தொடங்கியவர்கள் தொழில்முறைத் தூதர்கள் அல்லர். 1934 முதல் பெர்லினில் ஜப்பானியத் தூதரகத்தின் இராணுவ அதிகாரியாக இருந்த ஒஷிமா ஹிரோஷி, ஜெர்மன் மொழியைச் சரளமாகப் பேசியவர். ஜப்பானின் முன்னாள் போர் அமைச்சர் ஒருவரின் மகன். மறுபக்கத்தில் இருந்த ரிப்பன்ட்ராப் ஒயின் வணிகத்திலிருந்து அரசியலுக்கு வந்து, ஹிட்லரின் நம்பிக்கையைப் பெற்று, வெளியுறவு அமைச்சகத்துக்குப் போட்டியாகச் சொந்த அலுவலகம் ஒன்றை நடத்தியவர். 1935இல் ஃப்ரீட்ரிஷ் ஹாக் என்ற இடைத்தரகர் வழியாகத் தொடங்கிய உரையாடலில் ஜெர்மன் உளவுத்துறைத் தலைவர் கனாரிஸுக்கும் பங்கு இருந்தது. ஆனால் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் நொய்ராத் இதில் ஆர்வம் காட்டவில்லை. அவருக்கும் ஜெர்மன் இராணுவத் தலைமைக்கும் கிழக்கில் முக்கியமான நாடு சீனாவே.

காரணம் வெளிப்படையானது. சீனத் தலைவர் சியாங் காய்-ஷேக்கின் படையைப் பயிற்றுவித்தவர்கள் ஜெர்மன் அதிகாரிகள். ஜெர்மன் ஆயுதத் தொழிலுக்கு இன்றியமையாத டங்ஸ்டன் தாது சீனாவிலிருந்து வந்தது. 1936 ஏப்ரலில், அதாவது ஜப்பானுடன் கையெழுத்தாவதற்கு ஏழே மாதம் முன்பு, சீனாவுக்கு 10 கோடி மார்க் கடன் வழங்கும் உடன்பாட்டையும் ஜெர்மனி செய்திருந்தது. ஒரே ஆண்டில் ஒரே அரசு, ஆயுதத்தைச் சீனாவுக்கும் நட்பைச் சீனாவின் எதிரிக்கும் கொடுத்தது. ஹிட்லரின் ஆட்சி ஒரே கையால் இயக்கப்பட்ட இயந்திரம் என்று கருதுகிறவர்கள் இந்த 1936ஆம் ஆண்டைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

ஜப்பானின் நிலை வேறு. 1931இல் மஞ்சூரியாவைக் கைப்பற்றியபின் ஜப்பானியப் படைகள் சோவியத் எல்லையில் நேருக்கு நேர் நின்றன. தூரக்கிழக்கில் சோவியத் படைபலம் ஆண்டுதோறும் பெருகியது. 1933இல் ஜப்பானும் அதே ஆண்டில் ஜெர்மனியும் உலக நாடுகள் சங்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்திருந்தமையால் இரண்டுக்கும் தனிமை பொதுவாயிற்று. 1935 ஜூலை, ஆகஸ்டில் மாஸ்கோவில் கூடிய கம்யூனிஸ்ட் அகிலத்தின் ஏழாவது மாநாடு, டிமித்ரோவின் தலைமையில் பாசிசத்துக்கு எதிரான மக்கள் முன்னணிக் கொள்கையை ஏற்றது. ஜெர்மனியும் ஜப்பானும் அங்கே பெயர் சொல்லியே கண்டிக்கப்பட்டன. 1936 பிப்ரவரி 26 அன்று டோக்கியோவில் இளம் இராணுவ அதிகாரிகள் நடத்திய கிளர்ச்சி ஒடுக்கப்பட்டாலும், அதன்பின் வந்த ஹிரோட்டா அமைச்சரவையில் இராணுவத்தின் பிடி இறுகியது. ஒஷிமா பெர்லினில் பேசியதை டோக்கியோ ஏற்றுக்கொள்ளும் சூழல் இப்படித்தான் உருவாயிற்று.

அகிலத்தை மட்டும் குறிவைத்தது ஏன்

கம்யூனிஸ்ட் அகிலம் வேறு, சோவியத் அரசு வேறு என்பதே அதுவரை மாஸ்கோ சொல்லிவந்த விளக்கம். வெளிநாட்டில் ஒரு கம்யூனிஸ்ட் கட்சி செய்வதற்கு எங்கள் அரசு பொறுப்பல்ல என்று அது பல தலைநகரங்களுக்கும் பதில் எழுதியிருக்கிறது. பெர்லினும் டோக்கியோவும் அந்த விளக்கத்தையே எடுத்து எதிர்ப்புறம் திருப்பின: நாங்கள் எதிர்ப்பது அகிலத்தைத்தான், உங்கள் அரசை அன்று. இதனால் ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் மாஸ்கோவுடன் உறவை முறிக்காமல் இருக்க முடிந்தது. பிரிட்டனையும் உள்ளே இழுத்துவிடலாம் என்று ரிப்பன்ட்ராப் நம்பவும் இதுவே இடம் தந்தது. அவர் அப்போது லண்டனில் ஜெர்மன் தூதர். பிரிட்டன் கடைசிவரை சேரவில்லை.

உண்மையான கடப்பாடு இரகசிய இணைப்பில் இருந்தது. இருவரில் ஒருவர் மீது சோவியத் யூனியன் காரணமின்றித் தாக்குதல் நடத்தினால், அல்லது தாக்குவதாக மிரட்டினால், மற்றவர் சோவியத்தின் சுமையைக் குறைக்கும் எந்தச் செயலும் செய்யக் கூடாது. உடனே கலந்து பேச வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் மற்றவரின் சம்மதம் இல்லாமல், இதன் உணர்வுக்கு மாறான அரசியல் உடன்படிக்கை எதையும் சோவியத்துடன் செய்துகொள்ளக் கூடாது. இந்த வாசகத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். நண்பனுக்குப் படை அனுப்புவேன் என்று எவரும் சொல்லவில்லை. ஆயுதமோ பணமோ தருவேன் என்றும் இல்லை. எதிரிக்கு உதவ மாட்டேன் என்பது மட்டுமே உறுதி. இதிலும் ஜெர்மனி ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டது: சோவியத்துடன் 1922இல் ரப்பாலோவிலும் 1926இல் பெர்லினிலும் செய்திருந்த பழைய உடன்படிக்கைகள் இன்னும் உயிரோடிருக்கும் அளவில் இதற்கு முரணானவை அல்ல என்று கையெழுத்து நாளன்றே கடிதம் பரிமாறப்பட்டது.

வெளியிடப்பட்ட துணை இணைப்பு காவல்துறைக்கு உரியது. உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ அகிலத்துக்காக நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை செய்பவர்கள்மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்றது அது. 1933இலேயே ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சி நசுக்கப்பட்டு அதன் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள்; ஜப்பானில் 1925ஆம் ஆண்டின் அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கட்சி ஏறக்குறைய அழிக்கப்பட்டிருந்தது. உள்நாட்டில் ஏற்கனவே வீழ்த்திவிட்ட எதிரியிடமிருந்து ஆபத்து என்று இரு அரசுகளும் சேர்ந்து எழுதிக்கொண்டதன் பொருள், தாங்கள் செய்த கொடுமைக்குச் சர்வதேசச் சட்டத்தின் உடையைப் போர்த்துவதே. சிறையில் கிடந்த அந்த மனிதர்களை இந்த ஒப்பந்தத்தின் கதையில் பெரும்பாலான ஆசிரியர்கள் நினைவுகூர்வதே இல்லை என்பது எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

இரகசியம் மாஸ்கோவுக்கு மூன்று நாள்கூட இரகசியமாக இருக்கவில்லை. நவம்பர் 28 அன்று சோவியத் வெளியுறவு ஆணையர் லித்வினோவ் மாஸ்கோவில் ஆற்றிய உரையில், இந்தச் சிறிய வாசகத்தை எழுதுவதற்காகவா பதினைந்து மாதம் பேசினார்கள், அதற்காகவா ஒரு ஜப்பானியத் தளபதியையும் வழக்கமான தூதர்களுக்கு மேற்பட்ட ஒரு ஜெர்மானியரையும் அமர்த்தினார்கள் என்று கேட்டார். வெளியே காட்டியது இன்னோர் உடன்பாட்டை மறைக்கும் திரை என்றார். டோக்கியோவில் ஜெர்மன் தூதரகத்தின் உள்வட்டத்தில் பழகிய சோவியத் உளவாளி ரிஷார்ட் சோர்கே பேச்சுவார்த்தையைப் பற்றி முன்பே எழுதியிருந்தார். மாஸ்கோவின் பதிலடி உடனே வந்தது: கையெழுத்துக்குத் தயாராக இருந்த மீன்பிடி உடன்படிக்கையில் சோவியத் அரசு கையெழுத்திட மறுத்தது. வட பசிபிக் மீன்வளத்தை நம்பிய ஜப்பானுக்கு அது உடனடி இழப்பு. ஒப்பந்தத்தால் கிடைத்த ஆதாயமோ கண்ணுக்குத் தெரியவில்லை.

சீனாவில் வந்த முதல் முரண்

1937 ஜூலை 7 அன்று பெய்ஜிங் அருகே மார்க்கோ போலோ பாலத்தில் தொடங்கிய மோதல் முழுப் போராக வளர்ந்தது. சீனாவில் நாங்கள் போரிடுவது கம்யூனிசத்துக்கு எதிராகத்தான், ஆகவே ஒப்பந்தத்தின்படி ஜெர்மனி எங்கள் பக்கம் நிற்க வேண்டும் என்று ஜப்பான் வாதிட்டது. ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் அதை ஏற்கவில்லை. மாறாக, இந்தப் போர் சீனாவைச் சோவியத்தின் கையில் தள்ளும் என்று எச்சரித்தது. அது அப்படியே நடந்தது: ஆகஸ்ட் 21 அன்று சீனாவும் சோவியத்தும் ஆக்கிரமிப்பு விலக்கு உடன்படிக்கை செய்துகொண்டன, சோவியத் விமானங்களும் விமானிகளும் சீனாவுக்கு வரத் தொடங்கினர். கம்யூனிசத்தைத் தடுக்கப் போட்ட ஒப்பந்தத்தின் ஓராண்டு நிறைவதற்குள், சோவியத்தின் செல்வாக்கு சீனாவில் முன்னெப்போதையும்விடப் பெருகியிருந்தது.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஷாங்ஹாய் போர்க்களத்தில் ஜப்பானியப் படையை எதிர்த்து நின்ற சீனாவின் சிறந்த படைப்பிரிவுகள் ஜெர்மன் அதிகாரிகளிடம் பயின்றவை. அவர்கள் அணிந்த தலைக்கவசம் ஜெர்மன் வகை. ஆலோசகர் குழுவின் தலைவர் ஃபால்கன்ஹௌசன் சியாங்கின் அருகிலேயே இருந்தார். ஜெர்மன் ஆயுதத்தால் ஜப்பானிய வீரர்கள் மடிந்தார்கள். சீனாவுக்கான ஜெர்மன் தூதர் டிரவுட்மன் இருதரப்பையும் சமாதானம் செய்ய முயன்றார். நான்ஜிங் வீழ்ந்து, அங்கே நடந்த படுகொலைக்குப் பிறகு ஜப்பானின் நிபந்தனைகள் மேலும் கடுமையாகி, 1938 ஜனவரியில் அந்த முயற்சி முறிந்தது.

அதன்பின் முடிவெடுத்தவர் ஹிட்லரே. 1938 பிப்ரவரியில் நொய்ராத் நீக்கப்பட்டு ரிப்பன்ட்ராப் வெளியுறவு அமைச்சரானார். அதே மாதம், மஞ்சூரியாவில் ஜப்பான் நிறுவிய மஞ்சுகுவோ அரசை அங்கீகரிப்பதாக ஹிட்லர் அறிவித்தார். கோடையில் ஜெர்மன் ஆலோசகர்கள் சீனாவிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டனர். ஜெர்மனி தன் சீன நலனைப் பலியிட்டது இப்போதுதான், 1936இல் அன்று. இதற்கு ஈடாக ஜப்பானிடமிருந்து அது எதிர்பார்த்த வணிகச் சலுகைகள் வந்துசேரவில்லை என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

யார் சேர்ந்தார்கள், எதற்காக

1937 நவம்பர் 6 அன்று இத்தாலி சேர்ந்தது. இரகசிய இணைப்பில் அதற்குப் பங்கு கொடுக்கப்படவில்லை. முசோலினியின் மருமகனும் வெளியுறவு அமைச்சருமான சியானோ, பெயரளவில் கம்யூனிச எதிர்ப்பான இந்த உடன்பாடு நடைமுறையில் பிரிட்டனுக்கு எதிரானது என்று தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். பிரிட்டனை ஈர்க்க எழுதிய வாசகம் ஓராண்டில் பிரிட்டனை மிரட்டும் கருவியாயிற்று. ஓர் எழுத்தும் மாறவில்லை.

1939 பிப்ரவரியில் ஹங்கேரியும் மஞ்சுகுவோவும், மார்ச்சில் பிராங்கோவின் ஸ்பெயினும் சேர்ந்தன. ஹங்கேரி சேர்ந்ததும் சோவியத் அரசு புடாபெஸ்டில் இருந்த தன் தூதரகத்தை மூடியது. இவற்றைவிடக் கவனிக்கத்தக்கது சேர மறுத்த நாடு. போலந்து 1920இல் சோவியத் செம்படையோடு போரிட்டது, கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தது, சோவியத்துடன் நீண்ட எல்லை கொண்டது. கம்யூனிச எதிர்ப்பே ஒப்பந்தத்தின் சாரம் என்றால் முதலில் சேர்ந்திருக்க வேண்டிய நாடு அதுதான். 1938 அக்டோபரிலிருந்து ரிப்பன்ட்ராப் திரும்பத் திரும்ப அழைத்தும், 1939 ஜனவரியில் வார்சாவுக்கே போய் வற்புறுத்தியும், வெளியுறவு அமைச்சர் பெக் இணங்கவில்லை. கையெழுத்திட்டால் ஜெர்மனிக்கு அடங்கிய நாடாகிவிடுவோம் என்பதை அவர் சரியாகவே உணர்ந்திருந்தார்.

1939 ஆகஸ்ட்

1938 முதல் ஜெர்மனி இதை முழு இராணுவக் கூட்டணியாக மாற்ற விரும்பியது. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் எதிராகவும் ஜப்பான் நிற்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. ஜப்பானிய இராணுவம் கூட்டணியை விரும்பினாலும், கடற்படை அமைச்சர் யோனாயும் துணை அமைச்சர் யமமோட்டோவும் பிரிட்டனோடும் அமெரிக்காவோடும் போருக்கு இழுக்கும் எந்தக் கடப்பாட்டையும் எதிர்த்தார்கள். பிரதமர் ஹிரானுமாவின் அமைச்சரவையில் ஐந்து அமைச்சர்கள் மாதக்கணக்கில் கூடிக்கூடிப் பேசியும் முடிவு வரவில்லை. பொறுமை இழந்த ஜெர்மனி மே 22 அன்று இத்தாலியோடு மட்டும் எஃகு உடன்படிக்கையைச் செய்துகொண்டது.

அதே மே மாதத்தில் மங்கோலிய எல்லையில், ஜப்பானியர் நோமோன்ஹான் என்றும் சோவியத்தினர் கல்கின் கோல் என்றும் அழைத்த இடத்தில், இரு படைகளும் மோதின. எல்லைத் தகராறாகத் தொடங்கியது கோடையில் டாங்கிகளும் விமானங்களும் திரண்ட போராயிற்று. 1936இன் இரகசிய இணைப்பு எந்தச் சூழலுக்காக எழுதப்பட்டதோ அந்தச் சூழல் கண்முன்னே நின்றது. ஆகஸ்ட் 20 அன்று சோவியத் தளபதி ஜுகோவ் பெருந்தாக்குதலைத் தொடங்கினார். ஜப்பானின் 23ஆவது படைப்பிரிவு சுற்றி வளைக்கப்பட்டது. அது அழிந்துகொண்டிருந்த அந்த நாள்களில், ஆகஸ்ட் 21 இரவு, ரிப்பன்ட்ராப் மாஸ்கோ செல்கிறார் என்ற அறிவிப்பு பெர்லினிலிருந்து வந்தது. ஆகஸ்ட் 23 தேதியிட்ட ஆக்கிரமிப்பு விலக்கு உடன்படிக்கையில் அவரும் அப்போதைய சோவியத் வெளியுறவு ஆணையர் மொலோதோவும் ஸ்டாலின் முன்னிலையில் கையெழுத்திட்டனர்.

நண்பனின் சம்மதம் இல்லாமல் சோவியத்துடன் உடன்படிக்கை கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்ட அதே கை, மூன்றாண்டுக்குள் நண்பனைக் கேட்காமலே கையெழுத்திட்டது. அன்றிரவு கிரெம்ளினில் நடந்த உரையாடலின் ஜெர்மன் பதிவு பிற்காலத்தில் வெளியாயிற்று. கம்யூனிஸ்ட் அகில எதிர்ப்பு ஒப்பந்தம் அடிப்படையில் சோவியத்துக்கு எதிரானது அன்று, மேற்கத்திய ஜனநாயக நாடுகளுக்கு எதிரானதே என்று ரிப்பன்ட்ராப் ஸ்டாலினிடம் சொன்னார். அது பயமுறுத்தியது முக்கியமாக லண்டன் நிதி வட்டாரத்தையும் சிறு பிரிட்டிஷ் வணிகர்களையும்தான் என்று ஸ்டாலின் பதில் சொன்னார். ஸ்டாலினே ஒருநாள் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடுவார் என்று பெர்லின் மக்கள் கேலி பேசுகிறார்கள் என ரிப்பன்ட்ராப் மேலும் சொன்னார். மங்கோலியப் புல்வெளியில் ஜப்பானிய வீரர்கள் செத்துக்கொண்டிருந்த அதே இரவில், ஜெர்மன் வதைமுகாம்களில் கம்யூனிஸ்டுகள் அடைபட்டுக் கிடந்த அதே இரவில், இந்த உரையாடல் நடந்தது. எத்தனை முறை படித்தாலும் இந்தப் பதிவைச் சினமின்றி என்னால் கடக்க முடிவதில்லை.

டோக்கியோவில் இடி விழுந்தாற்போலாயிற்று. ஐரோப்பாவில் சிக்கலும் விந்தையுமான புதிய நிலைமை தோன்றிவிட்டது என்று அறிவித்துவிட்டு, ஆகஸ்ட் 28 அன்று ஹிரானுமா அமைச்சரவையோடு பதவி விலகினார். ஒஷிமா அப்போது பெர்லினில் தூதர். சில மாதங்களில் அவரும் பதவியை இழந்து நாடு திரும்பினார். செப்டம்பர் நடுவில் ஜப்பானும் மாஸ்கோவும் போர்நிறுத்தம் செய்துகொண்டன. வடக்கே சோவியத்தோடு மோதுவது எத்தனை விலை கேட்கும் என்பதையும், அந்த வேளையில் ஜெர்மனி எங்கே இருக்கும் என்பதையும் ஜப்பானிய இராணுவம் ஒரே கோடையில் கற்றுக்கொண்டது.

கணக்குத் தீர்ந்த விதம்

1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் ஜப்பான் மீண்டும் ஜெர்மனியை நாடியது. செப்டம்பர் 27 அன்று இத்தாலியையும் சேர்த்துச் செய்த முத்தரப்பு உடன்படிக்கை அமெரிக்காவைக் குறிவைத்தது. சோவியத்தோடு ஒவ்வொருவருக்கும் உள்ள உறவை இது பாதிக்காது என்று அதன் ஐந்தாம் பிரிவே கூறியது. 1941 ஏப்ரல் 13 அன்று ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் மட்சுவோகா மாஸ்கோவில் நடுநிலை உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அவர் சற்றுமுன் பெர்லினில் இருந்தபோது, சோவியத்துடன் போர் வரவிருக்கிறது என்பதை ஹிட்லர் அவரிடம் தெளிவாகச் சொல்லவில்லை. ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத்தைத் தாக்கியது. கிழக்கிலிருந்து தாக்குமாறு ரிப்பன்ட்ராப் வற்புறுத்தியபோது, ஜூலை 2 அன்று கூடிய பேரரசர் முன்னிலை மாநாடு தெற்கே முன்னேறுவது, வடக்கே காத்திருப்பது என்று முடிவெடுத்தது.

அமெரிக்கா சோவியத்துக்கு அனுப்பிய போர் உதவிப் பொருள்களில் ஏறக்குறையப் பாதி பசிபிக் வழியாக, சோவியத் கொடி பறந்த கப்பல்களில், ஜப்பானியத் தீவுகளைக் கடந்தே விளாதிவோஸ்தோக் சேர்ந்தது. நடுநிலையைக் குலைக்க விரும்பாத ஜப்பான் அவற்றைப் போகவிட்டது. சோவியத்தின் சுமையைக் குறைக்கும் எதையும் செய்யக் கூடாது என்ற 1936ஆம் ஆண்டு வாசகத்தோடு இதை ஒப்பிட்டால், ஒப்பந்தத்தின் எடை எவ்வளவு என்பது விளங்கும். ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் இடையே போர்க்காலத்தில் நேரடி ஒத்துழைப்பு மிகக் குறைவு. 1943 ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்கு அப்பாலுள்ள கடலில் ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக்கு சுபாஷ் சந்திர போஸ் மாறியதே தமிழ் வாசகர் நன்கறிந்த நிகழ்ச்சி; மலேயாவிலும் சிங்கப்பூரிலும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் அவர் படையில் சேர்ந்தது அந்தப் பயணத்தின் தொடர்ச்சி.

1941 நவம்பர் 25 அன்று ஐந்தாண்டு முடிந்து, பெர்லினில் ஒப்பந்தம் பெரும் விழாவோடு மேலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. பின்லாந்து, ருமேனியா, பல்கேரியா, ஸ்லோவாக்கியா, குரோஷியா, ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த டென்மார்க், ஜப்பான் நான்ஜிங்கில் அமர்த்திய வாங் ஜிங்வெய் அரசு ஆகியவை புதிதாகச் சேர்ந்தன. கோபன்ஹேகனில் மாணவர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். சோவியத்தோடு தூதரக உறவு வைத்திருந்த பல்கேரியாவும், நடுநிலை உடன்படிக்கை வைத்திருந்த ஜப்பானும் அதே மேடையில் இருந்தன. மறுநாள் ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள் குரில் தீவுகளிலிருந்து புறப்பட்டன. அவை போனது ஹவாய்க்கு, ஜெர்மனிக்கு அது சொல்லப்படவில்லை. டிசம்பர் 5 அன்று மாஸ்கோவின் வாசலில் ஜெர்மன் படையைத் திருப்பித் தாக்கிய சோவியத் துருப்புகளில், ஜப்பானுக்கு எதிராகத் தூரக்கிழக்கில் நிறுத்தப்பட்டிருந்த படைப்பிரிவுகளும் இருந்தன.

1943 மே மாதத்தில் ஸ்டாலின் கம்யூனிஸ்ட் அகிலத்தையே கலைத்துவிட்டார். ஒப்பந்தம் பெயர் சொல்லி எதிர்த்த ஒரே அமைப்பு மறைந்தபின்னும் ஒப்பந்தம் ஏட்டில் இருந்தது. 1945 ஆகஸ்ட் 8 அன்று சோவியத் யூனியன் ஜப்பான்மீது போர் அறிவித்து மறுநாள் மஞ்சுகுவோவுக்குள் நுழைந்தபோது, கலந்து பேசுவதற்கு பெர்லினில் அரசே இல்லை. ஒப்பந்தத்தின்போது பிரதமராக இருந்த ஹிரோட்டாவுக்கு டோக்கியோ தீர்ப்பாயம் மரண தண்டனை விதித்தது; ஒஷிமாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, 1955இல் வெளியே வந்தார். ரிப்பன்ட்ராப் 1946 அக்டோபர் 16 அன்று நியூரம்பர்க்கில் தூக்கிலிடப்பட்டார். அவர் இரண்டாம் முறை கையெழுத்திட்ட ஐந்தாண்டுக் காலம் முடிய அப்போது இன்னும் நாற்பது நாள் இருந்தது.